புயல் நாளுக்கு மண்ணெண்ணெய்... எங்கே வைப்பது, எப்படி எரிப்பது?

2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் உட்கிராமங்கள் பலவற்றில் மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. தென்னையும் மாவும் சாய்ந்து ரோட்டை மறித்துக் கிடந்த ஊர்களுக்குள் எந்த வண்டியும் நுழைய முடியவில்லை. அந்த மாதிரி நேரத்தில் கேஸ் தீர்ந்தால் அடுத்த சிலிண்டர் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கரண்ட் அடுப்பு உதவாது. விறகும் வறட்டியும் ஊறிப்போயிருக்கும். பரணில் கிடக்கும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தூசி தட்டி இறக்க வேண்டியதுதான்.

கிருஷ்ணாயில், சீமெண்ணெய் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும், ஒரு தலைமுறைக்கு முன்பு இந்த எண்ணெய் புழங்காத வீடு கிடையாது. தினமும் கையாண்டதால் அதன் குணமும் பெண்களுக்கு அத்துப்படி. இப்போது நிலைமை வேறு. மண்ணெண்ணெயை வருடத்துக்கு ஒரு முறைதான் தொடுகிறோம். அதே வீட்டில் பவர் வீடருக்குப் பெட்ரோல், பிரஷ் கட்டருக்கு ஆயில் கலந்த பெட்ரோல், டிராக்டருக்கும் இன்ஜினுக்கும் டீசல் என்று கேன் கேனாக இருக்கிறது. இருட்டு, மழை, அழும் குழந்தை, அவசரம். இந்த நேரத்தில் கேன் மாறினால் என்ன ஆகும்?

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய வேலை இது.

மூன்று எண்ணெய், ஒரே மாதிரி கேன்

எந்த எண்ணெயும் நேரடியாக எரிவதில்லை. அதிலிருந்து கிளம்பும் ஆவிதான் எரிகிறது. பெட்ரோல், பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி வாக்கில் இருக்கும் கடுங்குளிரில்கூட, தீப்பற்றும் அளவுக்கு ஆவியை விடும். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாக ஓடி, பத்தடி தள்ளி எரியும் விளக்கைக்கூட எட்டிப் பிடிக்கும்.

மண்ணெண்ணெய் அப்படியில்லை. குறைந்தது 35 டிகிரி செல்சியஸ் வரை அது தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடக்கூடாது என்பது இந்தியத் தர அளவுகோல். இந்த ஒரு குணத்தால்தான் அதை அடுப்பில் ஊற்றி எரிக்க முடிகிறது. ஆனால், பெட்ரோல் இருந்த கேனில் மண்ணெண்ணெய் வாங்கினால் அந்தக் காப்பு போய்விடும். அடியில் தங்கிய கொஞ்சம் பெட்ரோலே போதும், மொத்த எண்ணெயும் சாதாரண வெப்பத்தில் தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். அதை ஸ்டவ்வில் ஊற்றினால், டேங்க் சூடேறச் சூடேற உள்ளே ஆவி நிறைந்து வெடிக்கலாம்.

நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் கலந்திருப்பார்கள். பிரஷ் கட்டருக்குக் கலக்கும் டூ-டி ஆயிலிலும் நீலம், பச்சை, சிவப்பு என்று சாயம் உண்டு. ஆயில் கலந்த பெட்ரோலும் மண்ணெண்ணெயும் டார்ச் வெளிச்சத்தில் ஒன்று போலத் தெரியலாம். இரண்டு சொட்டைச் சிமென்ட் தரையில் விட்டால் பெட்ரோல் சீக்கிரம் உலர்ந்துவிடும், மண்ணெண்ணெய் நெடுநேரம் பிசுபிசுப்பாக நிற்கும் என்பது உண்மைதான். ஆனால், இரண்டும் கலந்திருந்தாலோ, பெட்ரோலில் ஆயில் இருந்தாலோ இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். கொளுத்திப் பார்த்துச் சோதிப்பது உயிருக்கே உலை. எந்தக் கேன் என்று சந்தேகம் வந்துவிட்டால் அந்த எண்ணெய் அடுப்புக்கு ஆகாது. அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

எவ்வளவு தேவை?

'வரும்போது வாங்கிச் சேர்த்துக்கொள்வோம்' என்று பேரலில் நிரப்பி வைக்க வேண்டியதில்லை. சாதாரண வீட்டு ஸ்டவ் நல்ல தீயில் எரிந்தால் மணிக்கு ஏறக்குறைய 200 மி.லி. குடிக்கும். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரச் சமையல் என்றால் 400 மி.லி. ஒரு வாரத்துக்கு 3 லிட்டருக்குள் முடிந்துவிடும். ஆக, ஒரு குடும்பத்துக்கு 5 லிட்டர் கேன் ஒன்று தாராளம். உங்கள் ஸ்டவ்வின் கணக்கு வேண்டுமென்றால், அளந்து கால் லிட்டர் ஊற்றி, எவ்வளவு நேரம் எரிகிறது என்று ஒரு நாள் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து உலையில் போடுவது, கொதி வந்ததும் மூடிவைத்துத் தீயைக் குறைப்பது, பருப்பை இரவே ஊறவைப்பது போன்ற பழைய பழக்கங்கள் எண்ணெயைக் கணிசமாக மிச்சப்படுத்தும்.

எதில் ஊற்றி வைப்பது?

இறுக்கமான திருகு மூடி உள்ள தகர டின், அல்லது கெட்டியான பிளாஸ்டிக் கேன். புதிதாக வாங்கி, கடைசிவரை மண்ணெண்ணெய்க்கு மட்டுமே வைத்திருக்க வேண்டும். விளிம்பு வரை நிரப்பாமல் இரண்டு விரல்கடை இடம் விடுங்கள். சூட்டில் எண்ணெய் விரியும்.

தண்ணீர் பாட்டில், கலர் பாட்டில், குவார்ட்டர் பாட்டில் எதிலும் ஊற்றக் கூடாது. தாகத்தில் இருக்கும் குழந்தைக்கு அது குடிக்கும் பாட்டில்தான். பூச்சிமருந்து டப்பாவும் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் உள்ளே மருந்து ஒட்டியிருக்கும். அதை அடுப்பில் எரித்தால் அந்தப் புகையைத்தான் வீடே சுவாசிக்கும்.

கேனில் பெயிண்டால் பெரிதாக 'மண்ணெண்ணெய்' என்று எழுதுங்கள். வெளிநாடுகள் பலவற்றில் பெட்ரோலுக்குச் சிவப்பு, டீசலுக்கு மஞ்சள், மண்ணெண்ணெய்க்கு நீலம் என்று கேனுக்கே நிறம் பிரித்து வைக்கிறார்கள். நாமும் அப்படியே செய்யலாம். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காகவும், கரண்ட் இல்லாத இரவுக்காகவும் இன்னொரு ஏற்பாடு வேண்டும். மண்ணெண்ணெய் கேனின் கைப்பிடியில் மட்டும் தேங்காய்க் கயிற்றை இறுக்கிச் சுற்றிவிடுங்கள். இருட்டில் தடவினாலே தெரியும். 'கயிறு சுற்றியதுதான் அடுப்புக்கு' என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

எங்கே வைப்பது?

வெயில் படாத, காற்றோட்டமான, பூட்டக்கூடிய இடம் நல்லது. தகரக் கொட்டகையில் சித்திரை வெயிலுக்கு 35 டிகிரி சர்வசாதாரணம். அந்தச் சூட்டில் மண்ணெண்ணெயும் ஆவி விட ஆரம்பித்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

* அடுப்படியிலோ, சாமி விளக்குக்குப் பக்கத்திலோ, படுக்கும் அறையிலோ வேண்டாம்.
* மோட்டார் கொட்டகையில் வேண்டாம். ஸ்டார்ட்டரில் பொறி தட்டும்.
* வைக்கோல் போர், சாக்கு, உர மூட்டை, பூச்சிமருந்து இருக்கும் இடத்தில் வேண்டாம்.
* நெல், அரிசி மூட்டைக்கு அருகில் வேண்டாம். வாடை ஏறினால் போகாது.
* பெட்ரோல் கேனும் மண்ணெண்ணெய் கேனும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது. இடம் தள்ளியிருந்தால் அவசரத்தில் கை மாறாது.

வெள்ளம் ஏறும் பகுதியா? மண்ணெண்ணெய் தண்ணீரைவிட லேசானது. கேன் மிதந்து கிளம்பிவிடும். மூடி தளர்வாக இருந்தால் எண்ணெய் வீடெல்லாம் பரவும், கிணற்றிலும் இறங்கும். முன்பு தண்ணீர் ஏறிய அடையாளத்துக்கு மேலே, தூணில் கட்டி வையுங்கள்.

மழைக்கு முன் ஸ்டவ்வை இறக்குங்கள்

புரட்டாசியிலேயே ஸ்டவ்வை எடுத்து ஒரு முறை எரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

திரி ஸ்டவ் என்றால், எல்லாத் துளைகளிலும் திரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு துளை காலியாக இருந்தாலும், மெலிந்த திரி தளர்வாக ஆடினாலும், அந்த வழியாகத் தீ டேங்குக்குள் இறங்கலாம். கருகிய நுனிகளைக் கத்தரித்து, எல்லாத் திரிகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். புதுத் திரி போட்டால், எண்ணெய் ஊற்றிக் கால் மணி நேரமாவது ஊறவிட்டுப் பற்றவையுங்கள்.

பம்ப் ஸ்டவ் என்றால், பம்பின் தோல் வாஷர் காய்ந்திருக்கும். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு மிருதுவாக்குங்கள். மூடியின் வாஷர் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். டேங்கில் துரு, ஒடுக்கு, பற்றவைப்பு விட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் ஊற்றாமல் காற்றை மட்டும் அடித்து, இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழ் வந்தால் கசிகிறது என்று அர்த்தம். ரிப்பேர் கடைக்குப் போகாமல் அதைப் பற்றவைக்க வேண்டாம்.

பற்றவைக்கும் முறை

சமதளமான தரையில் ஸ்டவ்வை வையுங்கள். கட்டில், பாய், மரப்பலகை வேண்டாம். டேங்கில் முக்கால் பங்குக்கு மேல் எண்ணெய் ஊற்றக் கூடாது. புனல் வைத்து ஊற்றி, சிந்தியதைத் துடைத்து, கேனை மூடி, அடுப்பை விட்டுப் பத்தடிக்கு மேல் தள்ளி வைத்த பிறகுதான் தீக்குச்சியைத் தொட வேண்டும்.

பம்ப் ஸ்டவ்வில், காற்றுத் திருகைத் திறந்து வைத்துக்கொண்டு, பர்னருக்குக் கீழே உள்ள கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவையுங்கள். அது எரிந்து அணையப் போகும் நேரத்தில் திருகை மூடி, மெதுவாக நாலைந்து முறை பம்ப் அடியுங்கள். பர்னர் நன்றாகச் சூடாகியிருந்தால் நீலத் தீ பிடிக்கும். மஞ்சளாக உயர்ந்து எரிந்தால் சூடு போதவில்லை என்று பொருள். உடனே திருகைத் திறந்து காற்றை வெளியேற்றி, ஆறவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள். ஸ்பிரிட் இல்லை என்று பெட்ரோலை ஊற்றுவது பெரிய ஆபத்து. ஸ்பிரிட்டின் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துப் பாட்டிலோடு மறுபடி ஊற்றினால், தீ பாட்டிலுக்குள் பாயும்.

தீ குறைந்தால் பலரும் பம்பைத்தான் வேகமாக அடிப்பார்கள். துளை அடைத்திருக்கும்போது காற்றை ஏற்றிக்கொண்டே போனால் டேங்கில் அழுத்தம் கூடும். முதலில் பின் போட்டுக் குத்துங்கள். அப்படியும் சரியாகவில்லையென்றால் காற்றை இறக்கி அணைத்துவிடுங்கள்.

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். நைலான், பாலியெஸ்டர் உடை வேண்டாம். தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். பருத்திதான் நல்லது. குழந்தைகள் அடுப்புப் பக்கம் வராமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எரியும் ஸ்டவ்வில் எண்ணெய் ஊற்றாதீர்கள்

பாதிச் சமையலில் எண்ணெய் தீர்ந்துபோகும். சோறு வேகவில்லை. தீ சின்னதாக எரிகிறது, அப்படியே கொஞ்சம் ஊற்றிவிடலாம் என்று தோன்றும். இந்த இடத்தில்தான் உயிர் போகிறது. எரிந்துகொண்டிருந்த ஸ்டவ்வின் டேங்கும் எண்ணெயும் 35 டிகிரியைத் தாண்டியிருக்கும். மூடியைத் திறந்ததும் ஆவி வெளியே வரும். பக்கத்தில் தீ இருக்கும். கையில் கேன் இருக்கும்.

அணையுங்கள். பம்ப் ஸ்டவ் என்றால் காற்றை முழுதும் இறக்குங்கள். டேங்கைத் தொட்டால் கையில் குளிர்ச்சி தெரியும்வரை பொறுங்கள். அரை மணி நேரம் ஆனாலும் சரி. அடுப்பை மூட்டும் முன்பே அன்றைய சமையலுக்குத் தேவையானதை ஊற்றிவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

கதவைச் சாத்திக்கொண்டு சமைக்க வேண்டாம்

சாரல் அடிக்கிறது என்று கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமைப்பதும் ஆபத்துதான். காற்று போதாமல் எரியும் தீயிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வரும். அதற்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி என்று ஆரம்பித்து மயக்கத்தில் கொண்டுபோய்விடும். எதிரெதிராக இரண்டு பக்கம் திறந்திருக்க வேண்டும். வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால், அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். குளிருக்கு இதமாக இருக்கிறது என்று ஸ்டவ்வை எரியவிட்டுத் தூங்கவே கூடாது.

கூரை பறந்து தார்ப்பாய்க்குள் தங்கியிருந்தால், அதற்குள் அடுப்பு மூட்ட வேண்டாம். மழை விட்ட நேரத்தில் வெளியே, நாலு குடும்பம் சேர்ந்து ஒரே இடத்தில் சமைப்பது எண்ணெய்க்கும் சிக்கனம், உயிருக்கும் பாதுகாப்பு.

ஆபத்து நேர்ந்தால்...

*ஸ்டவ்வில் தீ பரவினால்:* தண்ணீர் ஊற்றாதீர்கள். எண்ணெய் தண்ணீர் மேல் மிதந்து தீயைப் பரப்பும். எரியும் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டும் ஓடாதீர்கள். நனைத்துப் பிழிந்த கோணிச் சாக்கால் மூடுங்கள், அல்லது மணலைக் கொட்டுங்கள். சமைக்கும் முன்பே ஒரு வாளி மணலும் ஒரு ஈரச் சாக்கும் பக்கத்தில் இருக்கட்டும். தீ பெரிதாகிவிட்டால் எல்லோரும் வெளியேறிவிட்டு 101-க்கு அழையுங்கள்.

*உடையில் தீப்பிடித்தால்:* ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும். மற்றவர்கள் கெட்டிப் பருத்தித் துணியோ சாக்கோ போட்டு மூடி அணைக்கலாம்.

*தீக்காயத்துக்கு:* சாதாரணக் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஊற்றுங்கள். இங்க், பற்பசை, மாவு, நெய் எதையும் தடவாதீர்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி, 108-க்கு அழையுங்கள்.

*குழந்தை மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டால்:* வாந்தி எடுக்கவைக்கவே கூடாது. தொண்டையில் விரல் விடுவது, உப்புத் தண்ணீர் கொடுப்பது இரண்டும் கெடுதல். வயிற்றில் இருப்பதைவிட, வாந்தியின்போது நுரையீரலுக்குள் போகும் மண்ணெண்ணெய்தான் அதிக ஆபத்து. நனைந்த உடையைக் கழற்றி, தோலைச் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குடித்த பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள். குழந்தை நன்றாக விளையாடுகிறதே என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம். இருமலும் மூச்சுத்திணறலும் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

கேள்வி - பதில்

மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. டீசலை ஸ்டவ்வில் ஊற்றலாமா?

வேண்டாம். டீசல் கனமான எண்ணெய். புகையும் கரியும் கக்கும். திரி கருகும், பம்ப் ஸ்டவ்வின் துளை அடைத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக, கொஞ்சம் விறகையும் தேங்காய் மட்டையையும் மழைக்கு முன்பே பிளாஸ்டிக் சாக்கில் கட்டி, நனையாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் இருக்கும் வீட்டுக்கும் இது நல்ல ஏற்பாடு.

மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய மண்ணெண்ணெய் இருக்கிறது. எரிக்கலாமா?

வேறு எதுவும் அந்தக் கேனில் ஊற்றவில்லை என்பது உறுதியாகத் தெரிந்தால் எரிக்கலாம். முதலில் கேனை ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் இறங்கியிருந்தால் அடியில் தங்கும். மேலாக உள்ளதை மட்டும் துணியில் வடிகட்டி எடுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் தீ படபடவென்று வெடித்துத் தெறிக்கும். இனிமேல் ஒவ்வொரு வருடமும் மழைக் காலத்துக்கு முன்பு பழையதை எரித்துத் தீர்த்துவிட்டுப் புதிது வாங்கி வையுங்கள்.

பெட்ரோல் கலந்துவிட்டதோ என்று சந்தேகம் உள்ள மண்ணெண்ணெயை என்ன செய்வது?

கேன் மேல் 'கலப்படம், அடுப்புக்கு ஆகாது' என்று எழுதித் தனியாக வையுங்கள். வாய்க்காலிலோ வயலிலோ குப்பையிலோ கொட்ட வேண்டாம். பக்கத்து இன்ஜின் பட்டறையில் விஷயத்தைச் சொல்லி ஒப்படைக்கலாம்.

வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் கேஸ் சிலிண்டரை என்ன செய்வது?

தண்ணீர் ஏறும் என்று தெரிந்தவுடன் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டர் வாயில் மூடியைப் போட்டு, நிமிர்ந்த நிலையில் தூணோடு கட்டிவிடுங்கள். சிலிண்டர் மிதக்கும். தண்ணீர் வடிந்த பிறகு, நனைந்த ரெகுலேட்டரையும் ரப்பர் குழாயையும் ஏஜென்சி ஆள் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே பயன்படுத்துங்கள். கேஸ் கசிவு என்றால் 1906 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.